ஆயிரம் தூண்டிலை வென்ற தக்கை மீன்

தண்ணீருக்குள் ஒரு மீன் போகிறது. அதற்கு உயிர் இல்லை. ரத்தம் இல்லை. உடம்பு தக்கையால் ஆனது. மேலே பளபளப்பது சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாள். ஆனால் அதைக் கண்ட பெரிய மீன்கள் பாய்ந்து வந்து கவ்வின!

இந்தப் பொய் மீனைச் செய்தவர் விஞ்ஞானி அல்ல. என்ஜினீயரும் அல்ல. அவர் ஓர் ஏழை மீனவர். பெயர் லௌரி ராபலா. ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள பின்லாந்து நாட்டுக்காரர்.

எந்த இரையைப் போட்டால் மீன் கடிக்கும்? தூண்டில் பிடிக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் ராபலாவின் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அவர் விடையைத் தேடினார். கண்டும் பிடித்தார். அந்த விடை கடல் கடந்து சென்று, அமெரிக்காவின் பாஸ் மீன்களையும் பிடித்துக் கொடுத்தது. அந்தக் கதைதான் இது.

சேற்றின் பெயர்

1905-ம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ந் தேதி, சிஸ்மா என்ற ஊரில் லௌரி பிறந்தான். தாயின் பெயர் மாரி. மிகவும் ஏழை. கூலி வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள்.

லௌரிக்கு 7 வயது ஆனபோது தாயும் மகனும் ஆசிக்கலா என்ற பகுதிக்குக் குடி போனார்கள். அந்த நாட்டில் புதிதாக வருகிறவர்களின் பெயரை மாதா கோயில் ஏட்டில் பதிவு செய்வது வழக்கம். எழுத உட்கார்ந்த பாதிரியாருக்கு மாரியின் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லையாம். அவர்கள் எந்தக் கிராமத்தில் இருந்து வந்தார்களோ, அந்தக் கிராமத்தின் பெயரையே எழுதிவிட்டார் என்று அவர் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள்.

அந்தக் கிராமத்தின் பெயர்தான் ராபலா. பின்லாந்து மொழியில் "ராபா" என்றால் சேறு. ஏட்டில் தவறாக விழுந்த அந்தச் சேற்றின் பெயர், பிற்காலத்தில் உலகமெங்கும் கடைகளில் பளபளக்கப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

லௌரி வளர்ந்து பெரியவர் ஆனார். பின்லாந்தில் குளிர் காலம் கொடுமையானது. ஏரிகள் எல்லாம் பனிக்கட்டியாக உறைந்து விடும். அப்போது அவர் காட்டில் மரம் வெட்டுவார். பண்ணைகளில் கூலி வேலை செய்வார். கோடையில் பனி உருகியதும் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவார்.

1928-ம் ஆண்டில் எல்மா என்ற பெண்ணைத் திருமணம் செய்து கொண்டார். குழந்தைகள் பிறந்தன. குடும்பம் பெருகியது. வருமானம் பெருகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. பின்லாந்தின் மர வியாபாரமும் படுத்துவிட்டது. மிஞ்சியது ஏரி ஒன்றுதான்.

ஆயிரம் முள்ளும் ஒரு மனிதரும்

அது சாதாரண ஏரி அல்ல. பையானே என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 120 கிலோ மீட்டர். தண்ணீர் தெளிவானது. தலைநகரமான ஹெல்சிங்கிக்குக் குடிதண்ணீர் இன்று இந்த ஏரியில் இருந்துதான் சுரங்கக் குழாய் வழியாகப் போகிறது.

ராபலா அந்த ஏரியில் வலை வீசினார். ஆயிரங்கால் தூண்டிலும் போட்டார். ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் தூண்டில் அது. சில சமயம் முட்களின் எண்ணிக்கை 1,000 வரை போகும்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒவ்வொரு முள்ளிலும் இரை கோக்க வேண்டும். இரை என்பது சிறு மீன். முதலில் அந்தச் சிறு மீன்களைப் பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முள்ளில் மாட்ட வேண்டும். ஆயிரம் முள்ளுக்கும் மாட்டி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். இரை கோக்கும் நேரத்தில் மீன் பிடிக்க முடியாது. மீன் பிடிக்காவிட்டால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை.

கெட்டுப் போகாத இரை ஒன்று இருந்தால்? தினமும் பிடித்து மாட்டத் தேவையில்லாத இரை ஒன்று இருந்தால்? ராபலாவின் மனம் இதையே சுற்றிச் சுற்றி வந்தது.

படகில் இருந்து கண்ட காட்சி

துடுப்புப் போட்டுக் கொண்டே அவர் தண்ணீரைக் கவனிப்பார். அடியில் நடப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

சிறு மீன்கள் கூட்டமாகப் போகும். பெரிய மீன் ஒன்று மறைந்திருந்து பார்க்கும். திடீரென்று பாயும். கூட்டம் சிதறும். ஆனால் பெரிய மீன் கண்ட கண்ட மீனைத் துரத்துவதில்லை. ஒன்றை மட்டும் குறி வைத்துப் பிடிக்கும்.

அது எந்த மீன்? ராபலா உற்றுப் பார்த்தார். மற்ற மீன்கள் நேராக நீந்தின. அந்த ஒரு மீன் மட்டும் லேசாகத் தள்ளாடியது. காயம் பட்டிருக்கலாம். நோயாக இருக்கலாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறு பக்கமாகச் சாய்ந்து போனது. பெரிய மீனுக்கு அந்தத் தள்ளாட்டம் போதும். ஓடித் தப்ப முடியாத இரை அது என்று தெரிந்து கொள்கிறது. குறைந்த உழைப்பில் நிறைந்த சாப்பாடு!

ராபலாவுக்கு வழி பிறந்துவிட்டது. தள்ளாடி நீந்தும் பொய் மீன் ஒன்று செய்ய வேண்டும்.

கத்தி, தக்கை, ஈயத்தாள்

1936-ம் ஆண்டு. செருப்புத் தைப்பவர்கள் தோல் அறுக்கும் கத்தி ஒன்றை எடுத்தார். ஒரு தக்கைத் துண்டைச் செதுக்கினார். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். மெல்லிய சிறு மீன் உருவம் வந்தது.

மீன் என்றால் மினுமினுக்க வேண்டுமே! சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாளை எடுத்து உடம்பில் ஒட்டினார். அது தண்ணீரில் உரிந்து விடாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். வார்னிஷ் வாங்க வசதி இல்லை. பழைய போட்டோ நெகடிவ்களை உருக்கி மேலே பூசினார். கண்ணாடி போன்ற பூச்சு கிடைத்தது.

முக்கியமான வேலை முகத்தில் இருந்தது. மீனின் வாய்க்குக் கீழே சிறு நாக்குப் போல ஒரு தகடு வைத்தார். நரம்பைப் பிடித்து இழுத்தால் தண்ணீர் அந்தத் தகட்டில் மோதும். மோதிய தண்ணீர் மீனைக் கீழே அமுக்கும். கூடவே இடமும் வலமுமாக அசைக்கும். இழுப்பதை நிறுத்தினால் தக்கை அல்லவா, மெல்ல மேலே மிதந்து வரும். சாகப் போகும் மீன் செய்வதும் இதைத்தான்.

செய்த முதல் மீனே சரியாக நீந்தி விடவில்லை. செதுக்கினார். ஏரியில் விட்டுப் பார்த்தார். மறுபடி செதுக்கினார். அந்தத் தள்ளாட்டம் வரும் வரையில் அவர் விடவில்லை.

படகின் பின்னால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். பைக், டிரவுட், பெர்ச் முதலான மீன்கள் வந்து கவ்வின. ஒரே நாளில் 270 கிலோ வரை பிடித்த நாளும் உண்டு என்று சொல்வார்கள். ஆயிரம் முள் செய்ய முடியாததை ஒரு தக்கை மீன் செய்துவிட்டது!

அக்கம் பக்கத்து மீனவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் கேட்டார்கள். ராபலா செய்து விற்றார்.

போர் வந்தது

1939-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி சோவியத் படைகள் பின்லாந்துக்குள் புகுந்தன. ராபலாவும் போர் முனைக்குப் போனார். கூடவே அவருடைய பொய் மீனும் போனது.

இங்கே ஒரு கதை சொல்வார்கள். சிப்பாய்களுக்கு உணவு தேவைப்பட்டது. வெடி வைத்து மீன் பிடித்து வரும்படி மேலதிகாரி அவரை அனுப்பினாராம். அவர் வெடியைத் தொடவே இல்லை. தம் பொய் மீனைக் கொண்டே எல்லோருக்கும் போதுமான மீனைப் பிடித்து வந்தாராம்.

போர் முடிந்தது. நாட்டில் எங்கும் தட்டுப்பாடு. ராபலா மறுபடியும் கத்தியைக் கையில் எடுத்தார். தக்கை கிடைக்காதபோது மரப் பட்டையில் செதுக்கினார். வளர்ந்து வந்த பிள்ளைகளும் கூட உட்கார்ந்தார்கள். வீடே பட்டறை ஆயிற்று.

1952-ம் ஆண்டில் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி நடந்தது. பல நாட்டவரும் வந்தார்கள். ஊர் திரும்பியபோது சிலர் ராபலாவின் மீனையும் வாங்கிப் போனார்கள். இப்படியாக அந்தத் தக்கை மீன் கடல் தாண்டியது.

சிறிய வாய், பெரிய வீரம்

இனி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் "பாஸ்" என்ற மீன் உண்டு. அதில் பெரிய வாய் பாஸ், சிறிய வாய் பாஸ் என்று இரண்டு வகை மிகவும் பிரபலம். சிறிய வாய் பாஸ் மீனின் மேல் தாடை கண்ணுக்கு நேர் கீழேயே நின்று விடும். பெரிய வாய் பாஸ் மீனுக்கோ கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்.

சிறிய வாய் பாஸ் வெண்கல நிறம் கொண்டது. உடம்பின் பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கருநிறப் பட்டைகள் இருக்கும். குளிர்ந்த, தெளிந்த, பாறை நிறைந்த தண்ணீரில் வாழும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோவுக்குள் இருக்கும். 1955-ம் ஆண்டில் டேல் ஹாலோ என்ற ஏரியில் பிடிபட்ட மீன்தான் உலக சாதனை. அதன் எடை சுமார் 5 கிலோ 400 கிராம்.

உருவம் சிறிது. வீரம் பெரிது. தூண்டிலில் மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளும். பாறைக்கு அடியில் ஓடும். கடைசி வரையில் போராடும். அதனால்தான் அதைப் பிடிப்பதில் அமெரிக்கர்களுக்கு அவ்வளவு மோகம்.

ஆனால் அன்றைய அமெரிக்கப் பொய் இரைகளில் பல, தடித்த மரக் கட்டைகளாக இருந்தன. கண்ணைப் பறிக்கும் வர்ணம் பூசியிருந்தார்கள். அவற்றைப் பார்த்து மயங்கியவர்கள் முதலில் மனிதர்கள்தான்! கனமான இரையாக இருந்தால்தான் பழைய உருளைத் தூண்டிலில் தூரமாக எறிய முடியும். 1950-களில் புது வகைச் சுழல் உருளைகள் அமெரிக்காவில் பரவின. மெல்லிய நரம்பைக் கொண்டு, எடை குறைந்த இரையையும் தூரமாக எறியலாம் என்ற நிலை வந்தது. இறகு போல் லேசான ராபலா மீனுக்கு நல்ல காலம் பிறந்தது.

1959-ம் ஆண்டில் மின்னசோட்டாவைச் சேர்ந்த ரான் வெபர் என்பவர் இந்த மீனைப் பார்த்தார். தூண்டில் சாமான்கள் விற்பது அவர் தொழில். இதன் முன்னால் மற்ற இரைகள் நிற்கவில்லை என்று கண்டார். ரே ஆஸ்ட்ரோம் என்ற கடைக்காரரைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கொண்டார். இருவரும் பின்லாந்துக்குக் கடிதம் எழுதி, மீன்களை வரவழைத்து விற்கத் தொடங்கினார்கள்.

நடிகை மறைந்தார், மீன் பறந்தது

1962-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ திடீரென்று இறந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. "லைப்" என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆகஸ்டு 17-ந் தேதி இதழில் அவர் படத்தை அட்டையில் போட்டது. இதழ்கள் வந்த வேகத்தில் விற்றுப் போயின.

அதே இதழின் உள்ளே ராபலாவின் மீனைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது! நடிகையின் செய்தியைப் படிக்க வாங்கியவர்கள் எல்லாம் மீனின் செய்தியையும் படித்தார்கள்.

அவ்வளவுதான். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. 30 லட்சம் மீன்களுக்கு ஆர்டர் வந்தது என்று சொல்லப்படுகிறது. கையால் செதுக்கும் ஒரு குடும்பம் அத்தனை மீன்களுக்கு எங்கே போகும்? கடைகளில் சரக்கு இல்லை. சில கடைக்காரர்கள் தங்களிடம் இருந்த ஒன்றிரண்டு மீன்களை நாள் வாடகைக்கு விட்டார்களாம்!

எதற்கு எந்த இரை?

ராபலாவின் மீன் ஏன் பாஸ் மீனையும் மயக்கியது? ராபலா வாழ்ந்த ஏரியில் சிறிய வாய் பாஸ் கிடையாது. அதை நினைத்து அவர் செதுக்கவும் இல்லை. ஆனால் வேட்டையாடும் மீனுக்கு எந்த நாட்டிலும் ஒரே புத்திதான். சுலபமாகக் கிடைக்கும் இரையை அது விடாது.

சிறிய வாய் பாஸ் பிடிப்பவர்கள் பொய் இரையைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தால் ராபலாவின் பாடம் நன்றாக விளங்கும்.

முதலில் அந்த இடத்தில் மீன் எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். சிறு மீன் கூட்டம் இருந்தால், ராபலாவின் மீன் போன்ற மெலிந்த இரை. பாறை இடுக்கில் கொடுக்குள்ள நன்னீர் இறால் இருந்தால், தரையோடு தத்திப் போகும் பழுப்பு நிற இரை. இந்த இறால் என்றால் சிறிய வாய் பாஸ் மீனுக்கு உயிர்.

இரண்டாவது, அளவு. வாயோ சிறியது. தின்னும் சிறு மீனின் அளவுக்கே இரையும் இருக்க வேண்டும். ராபலா மீனுக்கு இடப்பட்ட எண்ணே அதன் நீளம். 7-ம் எண் என்றால் 7 சென்டி மீட்டர். 9-ம் எண் என்றால் 9 சென்டி மீட்டர். இலையுதிர் காலத்தில் சிறு மீன்கள் வளர்ந்திருக்கும். அப்போது சற்றுப் பெரிய இரையைப் போடுவார்கள்.

மூன்றாவது, நிறம். தெளிந்த தண்ணீரில் வெள்ளி நிறம் போன்ற இயற்கையான நிறம். தேநீர் போல் பழுப்பான தண்ணீரில் பொன் நிறம். கலங்கல் தண்ணீரில் பளிச்சென்ற நிறம்.

நான்காவது, வேகம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மீனுக்குச் சோம்பல். இரையை மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். வெயில் காலத்தில் காலையிலும் மாலையிலும் நீர் மட்டத்தில் மிதக்க விட்டு லேசாகச் சுண்டினாலே போதும். வளையம் மெல்லப் பரவி அடங்கும். அந்த அமைதியில்தான் பாஸ் பாயும்.

கடைசியாக, நடை. இதுதான் ராபலாவின் உயிர் நாடி. நரம்பை இறுக்கிக் கட்டினால் மீன் அசையாது. சிறு வளையம் விட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். மீன் வலப் பக்கமாக ஓடினால், முகத்தில் உள்ள கம்பி வளையத்தைக் குறட்டால் சிறிதே இடப் பக்கம் வளைக்க வேண்டும். இடப் பக்கம் ஓடினால் வலப் பக்கம் வளைக்க வேண்டும்.

இன்னும் ஒரு நியாயம் உண்டு. வசந்த காலத்தில் ஆண் பாஸ் கூட்டில் உள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். இரை எதைப் போட்டாலும் பாயும். அந்தச் சமயத்தில் அதைப் பிடித்தால் குஞ்சுகள் அநாதை. சில இடங்களில் சட்டமே தடுக்கிறது. நல்ல தூண்டில்காரர்கள் தாமாகவே ஒதுங்கி விடுவார்கள்.

ஒவ்வொரு மீனும் நீந்த வேண்டும்

30 லட்சம் ஆர்டர் வந்தபோது ராபலாவின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவசரம் அவசரமாகச் செய்து அனுப்பினால் பணம் கொட்டும். யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்? கடல் தாண்டிய ஊர்!

அந்த வழியை அவர் எடுக்கவில்லை. தொழிற்சாலை எழுந்தது. இயந்திரங்கள் வந்தன. பட்டைக்குப் பதிலாக, லேசான பால்சா மரம் வந்தது. ஆனால் ஒரு விதி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு மீனையும் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாகத் தள்ளாடினால்தான் பெட்டிக்குள் போகும். கோணலாக நீந்தினால் சரி செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சரியாக நீந்தாத ஒரு மீனால் ஒரு மீனவனின் பகல் வீணாகும் என்பது அவருக்குத் தெரியும். வீணான பகலின் அருமை, ஆயிரம் முள்ளுக்கு இரை கோத்த கைக்குத் தெரியாதா?

ராபலா கூச்ச சுபாவம் உள்ளவர். அதிகம் பேச மாட்டார். புகழ் வந்த பிறகும் ஏரியை மறக்கவில்லை. மகன்கள் தொழிலை ஏற்று நடத்தினார்கள். 1974-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 68.

பாதிரியார் ஏட்டில் எழுதிய அந்தச் சேற்றின் பெயர் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் தெரிகிறது. அவரிடம் பணம் இல்லை. நல்ல கருவிகள் இல்லை. ஏரியும் நேரமும் கண்ணும் இருந்தன. அதே ஏரியில் எத்தனையோ பேர் படகு ஓட்டினார்கள். எல்லோர் கண்ணிலும் அந்தத் தள்ளாடும் மீன் பட்டிருக்கும். ராபலா ஒருவர்தான் துடுப்பை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்டார்.

உழைப்பு வயிற்றைக் காக்கும். உற்றுப் பார்க்கும் கண், அந்த உழைப்பையே காக்கும்.